தோட்டக்கலை படிக்க விரும்பும் பிள்ளைகள் பற்றி மதுரை மாவட்ட மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும், உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வாடிப்பட்டி வட்டாரத்தில் நர்சரி நடத்தி வருகிறேன். மல்லிகை நாற்று, மா ஒட்டு, கொய்யா, குழித்தட்டுக் காய்கறி நாற்று ஆகியவற்றை விவசாயிகளுக்கு விற்பவன் என்ற முறையிலும், தோட்டக்கலை படித்துவிட்டு வரும் இளைஞர்களை வேலைக்கு வைத்துக்கொள்பவன் என்ற முறையிலும் இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு, செடி வாங்க வரும் பெற்றோர் பலர், "எம் பிள்ளை தோட்டக்கலை படிக்கணுங்குது, எந்தக் காலேஜுல சேத்தா நல்லதுண்ணே?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே அவர்களில் சிலர் ஏதோ ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பையும் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளப் போகும் முடிவு, மே மாதப் பரபரப்பில், கையில் கிடைத்த வண்ணத் துண்டறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்கப்படுகிறது. இந்த முடிவை எடுக்கச் சரியான காலம் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய மாதங்கள். அதற்குச் சரியான இடம் உங்கள் பள்ளி.

ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டக்கலையில் விருப்பம் காட்டும் மாணவர்களை, பெற்றோரில் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னதாகப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கும் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கும் ஒருமுறை நேரில் அழைத்துச் செல்லுங்கள். தரமான கல்லூரி எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளையும் பெற்றோரும், அதன் பிறகு வேறு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்களாகப் போவார்கள். மற்றவை எல்லாம் இந்த வேண்டுகோளுக்கான காரணங்கள்.

முதலில், மதுரையில் பரவலாக இருக்கும் ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில், 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு நடப்பது வேளாண்மைப் பட்டப்படிப்பு. தோட்டக்கலைக்கென்று தனியாகப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி நமக்கு மிக அருகில் இருப்பது, தேனி மாவட்டம் பெரியகுளத்தில். இரண்டுமே கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். வேளாண்மைப் பட்டத்திலும் தோட்டக்கலை ஒரு பாடமாக வரும். ஆனால் பழம், காய்கறி, பூ, நறுமணப் பயிர், மலைப்பயிர், அறுவடைக்குப் பிந்தைய பராமரிப்பு என்று ஒவ்வொன்றையும் விரிவாகப் படிப்பது தோட்டக்கலைப் பட்டத்தில்தான். அரசிலும் வேளாண்மைத் துறை தனி, தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை தனி. தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டமே கேட்கப்படுகிறது. "ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்று சொல்லிப் பிள்ளையை ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுவது சரியாகாது.

அடுத்து, பட்டத்தின் பெயரும் ஆண்டும். இந்தியாவில் முறையான தோட்டக்கலைப் பட்டம் நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்டது. ஆனால் தோட்டக்கலை என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிக்கொண்டு மூன்றாண்டுப் படிப்புகளும் இருக்கின்றன. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி அப்படியொரு மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தாள். நன்றாகப் படிக்கும் பெண். படித்து முடித்தபின் வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க என் நர்சரியில் இருக்கும் கணினியில் உட்கார்ந்தாள். கல்வித் தகுதி என்ற இடத்தில் நான்காண்டுப் பட்டம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவள் அந்த வரியைச் சத்தமாக ஒருமுறை வாசித்தாள். பிறகு தன் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அண்ணே, சேரும்போது எல்லா அக்ரி வேலைக்கும் போகலாம்னு சொன்னாங்களே" என்றாள். சொன்னவர்கள் யார், எந்தக் கல்லூரி என்பதை இங்கே எழுதுவது என் நோக்கமல்ல. சேருவதற்கு முன்பு அந்த ஒரு வரியை அவளுக்கு எடுத்துக்காட்ட யாரும் இல்லை என்பதே என் மனக்குறை. இந்தத் தகவல் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடக்கூடிய அளவுக்குச் சிறியது. அதை எழுதிப்போடும் இடம் பள்ளியாக இருந்தால் இன்னொரு பிள்ளைக்கு அந்த நிலை வராது.

அங்கீகாரம் என்பதிலும் இதே கவனம் வேண்டும். பொதுவாகக் கல்லூரிகள் தங்கள் வாயிலில் எழுதி வைத்திருக்கும் நாக் தரமதிப்பீடு, எல்லாத் துறைக் கல்லூரிகளுக்கும் பொதுவானது. வேளாண்மை, தோட்டக்கலைப் படிப்புகளுக்கென்று தனியாக அங்கீகாரம் வழங்குவது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அதாவது எல்லோரும் ஐ.சி.ஏ.ஆர். என்று சொல்லும் அமைப்பு. இந்த அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வழங்கப்படுவது. படிப்புவாரியாகவும் கல்லூரிவாரியாகவும் பார்க்கப்படுவது. ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் பெரிய பெயருடையது என்பதாலோ, அதன் வேறொரு படிப்பு அங்கீகாரம் பெற்றது என்பதாலோ, அங்கே புதிதாகத் தொடங்கிய தோட்டக்கலைப் படிப்பும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. பிள்ளை பின்னாளில் முதுகலை படிக்க அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போக நினைத்தால் இந்த அங்கீகாரம் கேட்கப்படும். "ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இந்தப் படிப்புக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை இருக்கிறது, ஆவணத்தைக் காட்ட முடியுமா" என்று கேட்பதில் தயக்கமே வேண்டியதில்லை. "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று பதில் வந்தால், இன்றைய நிலையில் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை இரண்டும் காகிதத்தில் சரிபார்க்கக் கூடியவை. காகிதத்தில் சரிபார்க்க முடியாதது நிலம். தோட்டக்கலையைப் பொறுத்தவரை ஒரு கல்லூரியின் தரத்தில் பாதிக்கு மேல் அதன் தோட்டத்தில்தான் இருக்கிறது என்பது, படித்தவர்களோடு வேலை செய்து பார்த்த எனக்கு உறுதியாகத் தெரியும்.

சென்ற கோடையில் செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மல்லிகை விவசாயி வந்தார். பாலித்தீன் பையில் ஒரு கைப்பிடி மொக்கு. வெள்ளையாக இருக்க வேண்டிய மொக்குகள் ஊதா படிந்து, அடிப்பக்கம் வீங்கி, நுனி வாடிக் கிடந்தன. மருந்துக் கடையில் மொக்குப் புழுவுக்கென்று கொடுத்ததை அடித்தும் கேட்கவில்லை என்றார். அப்போது என்னிடம் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த பையன், பெரியகுளத்தில் படித்தவன், ஒரு குண்டூசியை எடுத்து மொக்கின் அடிப்பாகத்தைக் கீறிப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக வெண்ணிறப் புழுக்கள் நெளிந்தன. "ஐயா, இது மொக்கை ஓட்டை போட்டுத் தின்னுற புழு இல்லை. ஒரு சின்ன ஈ மொக்குக்குள்ள முட்டை வைக்குது, அதோட புழு. வளந்ததும் கீழே விழுந்து மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவாகுது. அதனால மேல அடிக்கிறது மட்டும் போதாது, ஊதாவான மொக்கைப் பறிச்சு அழிக்கணும், செடிக்கு அடியில மண்ணைக் கொத்தி விடணும்" என்றான். அந்த விவசாயி அவனை மரியாதையாகப் பார்த்த பார்வை, ஒரு பட்டச் சான்றிதழால் கிடைப்பது அல்ல. படிக்கும்போது அவன் மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து மொக்கைப் பிளந்து பார்த்திருக்கிறான், அதனால் கிடைத்தது.

இன்னொரு கல்லூரியில், நல்ல மதிப்பெண்ணோடு படித்து வந்த ஒருவரிடம் மா நாற்றில் இளந்தண்டு ஒட்டு கட்டச் சொன்னேன். ஒட்டுக்குச்சியை எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தாய்மரத்தில் அந்தக் கிளையின் இலைகளைக் கிள்ளிவிட்டால்தான் நுனிமொட்டு புடைத்துத் தயாராக இருக்கும். குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இருபக்கமும் ஒரே வெட்டில் சீவ வேண்டும். நாற்றின் தண்டு பிளவில் அதைச் செருகும்போது பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது ஒட்டி நிற்க வேண்டும். பிறகு நாடாவை ஈரம் உள்ளே போகாத அளவு இறுக்கிச் சுற்ற வேண்டும். இவை அனைத்தையும் அவர் வாயால் பிசகில்லாமல் சொன்னார். கத்தியைப் பிடிக்கத் தெரியவில்லை. அவர்மேல் குற்றமில்லை. நாற்பது ஐம்பது பேர் சுற்றி நிற்க, ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு நாற்றில் கட்டிக் காட்டியதை எட்டி நின்று பார்த்ததுதான் அவருக்குக் கிடைத்த செய்முறை வகுப்பு. எங்களிடம் இருக்கும் பெண்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கில் கட்டுவார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டார், இப்போது நன்றாகவே செய்கிறார். ஆனால் பெரும் தொகை கட்டிப் படித்த நான்கு ஆண்டுகளில் அவர் அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் பெற்றோர் எதிர்பார்த்தது நியாயந்தானே.

எனவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது முகப்புக் கட்டடத்தையும் கருத்தரங்கக் கூடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். தாய்ச்செடித் தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, நெல்லி என்று ரகம் ரகமாக வளர்ந்த மரங்கள் இருக்கின்றனவா, அவற்றில் கிளைகளை அளவாக வெட்டிக் கவாத்து செய்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்றங்காலில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் கூலி ஆட்கள் மட்டுமா, மாணவர்களும் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். பசுமைக்குடிலுக்குள் பயிர் இருக்கிறதா, கிழிந்த பாலித்தீன் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறதா என்பது வெளியிலிருந்தே தெரியும். பழவியல், காய்கறியியல், மலரியல், பூச்சியியல், நோயியல், மண்ணியல் என்று பிரிவுக்குப் பிரிவு ஆசிரியர் இருக்கிறாரா, ஒருவரே நான்கு பாடத்தை எடுக்கிறாரா என்று கேட்டால் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதியாண்டு மாணவர் ஒருவரைத் தனியாக நிறுத்தி, "இந்தப் பருவத்தில் உங்கள் கையால் நட்டு வளர்த்தது என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வேளாண் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவரும் தனக்கென ஒதுக்கிய பாத்தியில் விதைப்பு முதல் அறுவடை வரை பயிர் செய்ய வேண்டும். இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் கிராமங்களில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். மாணவர்கள் ராவே என்று சொல்லும் இந்தத் திட்டத்தில் வரும் பிள்ளைகளை நம் ஊர்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது உண்மையாக நடக்கிறதா, பதிவேட்டில் மட்டும் நடக்கிறதா என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சாதகமும் இருக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமலை மலைவாழைக்கு அதற்கு முன்பே 2008-இலும், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இலும், சோழவந்தான் வெற்றிலைக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-இலும் கிடைத்திருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டை பூச்சந்தை, நத்தம் மாந்தோப்புகள், ஆயக்குடி கொய்யா, தேனி வாழை என்று நம்மைச் சுற்றி இருப்பதே ஒரு பெரிய தோட்டக்கலைப் பாடசாலை. மதுரை மல்லி என்று ஊரெங்கும் பேசுகிறோம். அந்தச் செடிக்கான நாற்று பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்பது பூக்கட்டும் வீடுகளில் பலருக்குத் தெரியாது. சிறுமலையில் மலைவாழைத் தோட்டங்கள் முடிக்கொத்து நோயால் அழிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அது அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய். நோயுள்ள தோட்டத்திலிருந்து எடுத்த கன்றை நட்டாலும் பரவும். நோயற்ற நடவுக்கன்றை உற்பத்தி செய்யத் தெரிந்தவர்கள்தான் அந்த வாழையை மீட்க முடியும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை இன்று எத்தனை மானாவாரிக் குடும்பங்களுக்கு வருமானம் தருகிறது என்பது உங்கள் மாணவர்களின் வீடுகளிலேயே தெரியும். இந்தப் பயிர்களுக்கு நடுவே பிறந்த பிள்ளை, இவற்றை விட்டு வெகுதூரம் போய், ஒரு ஏக்கர் தோட்டம்கூட இல்லாத வளாகத்தில் தோட்டக்கலை படிப்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

இனிச் செலவு. இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

உறுப்புக் கல்லூரி, இணைப்புக் கல்லூரி, தானே பட்டம் வழங்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றுக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அரசின் உறுப்புக் கல்லூரியில் படிப்பதுதான் மிகக் குறைந்த செலவு. இணைப்புக் கல்லூரிகள் தனியார் நடத்துபவை. பட்டம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டமே. அங்கே ஒரு பகுதி இடங்கள் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகவும் மறுபகுதி நிர்வாக ஒதுக்கீட்டிலும் நிரப்பப்படுகின்றன. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளின் வீட்டில் ஆன செலவு வெவ்வேறாக இருப்பது இதனால்தான். சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது, நீட் தேவையில்லை. எனவே விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டு, பின்னர் அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பல மடங்கு கொடுத்துச் சேர்வதுதான் இருப்பதிலேயே பெரிய நட்டம். அந்தத் தேதியை நினைவூட்ட உங்களைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை.

அரசுப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இட ஒதுக்கீடு இருக்கிறது. தோட்டக்கலையும் அதில் அடங்கும். அந்த ஒதுக்கீட்டில் சேரும் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதவு திறந்துகிடக்க முடியாது. ஆயினும், நடுவில் ஓராண்டு எங்கே படித்தது என்ற சான்று கிடைக்காமல், அல்லது ஒதுக்கீடு இருப்பதே தெரியாமல், அந்தக் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகளை நான் அறிவேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றுகளைத் தேர்வுக்கு முன்பே திரட்டி வைக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மார்கழி, தை மாதங்களில் விண்ணப்பித்தால் நெரிசல் இருக்காது. தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் பாடம் எடுத்துப் படித்த மாணவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. அந்தப் பிரிவு இருக்கும் பள்ளிகளில்கூட இது பேசப்படுவதில்லை. மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும், ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையும் இவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

கட்டணத்தை விசாரிக்கும்போது "ஒரு பருவத்துக்கு எவ்வளவு" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பாதிப் பதில்தான். எட்டுப் பருவத்துக்கும் சேர்த்து, கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி, உணவு, கல்விச் சுற்றுலா, கிராமத்தில் தங்கும் பருவத்துக்கான செலவு என எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். நான்காண்டு உணவுச் செலவு மட்டுமே சில கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தைத் தாண்டிவிடும். எழுதித் தர மறுக்கும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ரசீது இல்லாமல் நன்கொடை கேட்பது 1992-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை என்பது வங்கிகளின் பொது நடைமுறை. அந்த வரம்புக்குள் முடிகிற படிப்பையே தேர்ந்தெடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. பிள்ளையைத் தோட்டக்கலை படிக்க வைக்க, இருக்கிற இரண்டு ஏக்கர் தோட்டத்தை அடகு வைக்கிற நிலைக்கு எந்தக் குடும்பமும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படித்துவிட்டு வரும் பிள்ளை தொழில் செய்ய அந்தத் தோட்டம்தான் தேவைப்படும்.

நான்காண்டுப் பட்டம் கிடைக்காவிட்டால் தனியாரில் எதையாவது கொடுத்துச் சேர்ப்பது ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். தோட்டக்கலையில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. தமிழ் வழியிலும் படிக்கலாம். செலவு மிகக் குறைவு. உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிக்குக் கேட்கப்படும் தகுதி இந்தப் பட்டயம். டிப்ளமோ என்றால் மட்டம் என்ற எண்ணம் பெற்றோரிடம் இருக்கிறது, ஆசிரியர்கள் சிலரிடமும் இருக்கிறது. என் நர்சரியில் மேற்பார்வை முழுவதையும் பார்த்துக்கொள்பவர் பட்டயம் படித்தவர்; அவர் சொல்லுக்குப் பட்டம் படித்தவர்களும் கட்டுப்படுகிறார்கள், காரணம் அவருக்குச் செடி தெரியும். ஆங்கில வழியை நினைத்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு, 2021-22 கல்வியாண்டு முதல் கோயம்புத்தூரில் தோட்டக்கலைப் பட்டத்தையே தமிழ் வழியில் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்குத் திருச்சி நாவலூர்க் குட்டப்பட்டில் மகளிருக்கென்றே ஓர் அரசுத் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பதைச் சொன்னாலே பாதித் தயக்கம் போய்விடும். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைச் சான்றிதழ்ப் படிப்புகள் பயன்படும். ஆனால் அவை பட்டத்துக்கு ஈடாகாது, அரசு வேலைக்குத் தகுதியாகாது.

வேலையைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவதே நல்லது. தோட்டக்கலை அலுவலர் தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் வரும் தேர்வு அல்ல; வரும்போதும் இடங்கள் குறைவு. அரசு வேலை ஒன்றையே இலக்காக வைத்திருக்கும் பிள்ளையைத் தோட்டக்கலைக்கு அனுப்புவது, அந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல, துறைக்கும் நல்லதல்ல. விதை நிறுவனங்கள், சொட்டுநீர் நிறுவனங்கள், திசு வளர்ப்புக் கூடங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், பூங்கா அமைப்பு வேலைகள், வங்கியின் கள அலுவலர் பணி என்று தேடிப் போகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. சொந்தமாகத் தொடங்குகிறவர்களுக்கு, மத்திய அரசு 2002-இல் கொண்டுவந்த வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சியும், வங்கிக் கடனோடு சேர்ந்து திட்டச் செலவில் 36 விழுக்காடு மானியமும், பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடியினருக்கும் 44 விழுக்காடு மானியமும் கிடைக்கின்றன. பட்டயம் படித்தவர்களும் அதற்குத் தகுதியானவர்கள். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், நான் கொடுப்பதும் அப்படித்தான். ஆனால் கைத்தொழில் தெரிந்த பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகளில் தனக்கென ஒரு நர்சரி போட்டுவிடுகிறது. என்னிடம் இருந்துவிட்டுப் போய் எனக்கே போட்டியாக நிற்பவர்களைப் பார்த்து நான் மகிழ்கிறேன்.

மீண்டும் வேண்டுகோளுக்கு வருகிறேன். ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பேருந்து பிடித்தால் உசிலம்பட்டி வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கல்லூரி முதல்வருக்குப் பள்ளியின் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பினால், தோட்டத்தைச் சுற்றிக் காட்ட மாணவர்களையே உடன் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஒத்தக்கடைக்கு அரை நாள் போதும். அதே வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் கிடைத்தால் திண்டுக்கல் அருகே ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டுறவோடு அமைந்த காய்கறி மகத்துவ மையத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதுகாக்கப்பட்ட சாகுபடி, அதாவது பசுமைக்குடிலுக்குள் பயிர் வளர்ப்பது, என்று பாடப் புத்தகத்தில் படிப்பது அங்கே கண்முன் நிற்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பயணத்தை ஒரு தீர்மானமாக வைத்தால் வேன் செலவுக்கு ஊரிலேயே உதவி கிடைக்கும். ஒரு பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத்தான் விருப்பம் இருக்கிறது என்றால், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எனப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே வண்டியில் போகலாம்.

எங்கள் வட்டாரப் பள்ளிகள் பெரியகுளம் போகும் நாளுக்கு ஒரு வேனுக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். நர்சரிக்கும் வருவதாக இருந்தால் காலை ஏழு மணிக்குள் வாருங்கள். ஒட்டுக் கட்டும் வேலை வெயில் ஏறுவதற்கு முன்பு நடக்கும், பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்றில் தாங்களே கட்டிப் பார்க்கலாம். கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் மல்லிகைக் கவாத்து நடக்கும்போது வந்தால் அதையும் காட்டுகிறேன். எந்த நாள் வசதி என்பதை அரையாண்டுத் தேர்வு அட்டவணை வருவதற்கு முன்பு தெரிவித்தால் அதற்கேற்ப வேலையை ஒதுக்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிப்பட்டி வட்டார நர்சரிக்காரர் ஒருவர்